லீக்குக்கு வெளியே: யாழ்ப்பாண உதைபந்தாட்டத்தின் முடியாத அமெச்சூர் காலம்

இலங்கையின் தேசிய உதைபந்தாட்ட லீக் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பதில் சுகமாகக் கிடைக்கும். 1985. முதலாவது சம்பியன் கொழும்பு சோண்டர்ஸ் கழகம். அதே 1985இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்கட வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லுவினம். மே மாதம் வல்வெட்டித்துறையில் சனம் கொல்லப்பட்டது. யூலையில் திம்புவில் பேச்சுவார்த்தை. கோட்டைக்குள் இராணுவம், வெளியில் இயக்கங்கள். கொழும்பில் ஒரு லீக் பிறந்த வருடம், இங்கே பொழுதுபட்ட பிறகு வெளியில் போவதா விடுவதா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறோம். 1985க்கு முதலும் நாட்டில் பந்து உருண்டதுதான். தேசிய சங்கம் 1939இல் உருவானது. எஃப்.ஏ. கிண்ணம் சுதந்திரம் கிடைத்த 1948இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் வருடம் முழுக்க நடக்கிற ஒரு தேசிய லீக் 1985இல்தான் வந்தது. பிறகு 2021இல் சுப்பர் லீக் என்ற பெயரில், தொழில்முறைக்கான முதல் அடி என்று சொல்லி ஒரு லீக்கை அறிமுகப்படுத்தினார்கள். அப்படியென்றால் இடையிலிருந்த 36 வருடமும் நாட்டின் உச்ச லீக் அமெச்சூர் லீக். அதில் முதல் 24 வருடம் யுத்தம். நாடே அமெச்சூராக விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணமும் அமெச்சூராகத்தான் விளையாடியது. ஆனால் அந்த லீக்குக்கு வெளியே நின்று. இந்த 'வெளியே' என்கிற சொல்லில்தான் எங்கட கதை இருக்கு.

முதலில் 'அமெச்சூர்' என்கிற சொல். எங்கட ஆட்களுக்கு இது நாடகத்தால் பழகின சொல். தொழிலாகச் செய்யாமல் விருப்பத்துக்குச் செய்வது என்று அர்த்தம். அன்பு என்ற பொருள் தருகிற இலத்தீன் வேரிலிருந்து வந்ததாம். கேட்க வடிவாக இருக்கு. ஆனால் உதைபந்தாட்ட வரலாற்றில் இந்தச் சொல் அவ்வளவு வெள்ளந்தியானது இல்லை.

இங்கிலாந்தில் 1870களில் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர்கள் பெரும்பாலும் பணக்காரப் பள்ளிகளில் படித்த கனவான்கள். அவர்களுக்குச் சம்பளம் தேவையில்லை, வீட்டில் காணி பூமி இருக்கு. 1883 இறுதிப்போட்டியில் ஓல்ட் ஈற்றோனியன்ஸ் என்ற அந்தக் கனவான் அணியை பிளக்பேர்ன் ஒலிம்பிக் என்ற வடக்கத்தி அணி தோற்கடித்தது. அதில் ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள். ஆலையில் வேலை செய்கிறவன் மட்ச்சுக்கு வர ஒருநாள் கூலியை விட வேண்டும். அந்தக் கூலியை யாரோ ஒருவர் கையில் கொடுத்தால் "அமெச்சூர் கெட்டுப்போச்சு" என்று கனவான்கள் கத்தினார்கள். இரண்டு வருடம் இழுபறிப்பட்டு 1885 யூலையில் காசு வாங்கி விளையாடுவதை இங்கிலாந்துச் சங்கம் சட்டபூர்வமாக்கியது. எங்கட தேசிய லீக் தொடங்குவதற்குச் சரியாக நூறு வருடம் முதல்!

மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக அந்தக் கதவைத் திறந்தன. ஆர்ஜென்ரீனா 1931, பிரேசில் 1933, ஜேர்மனியில் புண்டஸ்லீகா 1963, ஜப்பானில் ஜே லீக் 1993. இதில் எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். காசு வாங்காமல் விளையாடுவதில் இரண்டு விதம் இருக்கு. காசு தேவையில்லாதவன் விளையாடுவது ஒன்று. காசு கொடுக்க ஆளில்லாதவன் விளையாடுவது மற்றது. யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் இந்த இரண்டாவது சாதி.

யாழ்ப்பாணத்தில் கனவான்களின் விளையாட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அது கிரிக்கெட்தான். சென். ஜோன்ஸ், மத்திய கல்லூரி 'வடக்கின் போர்' 1904இலிருந்து நடக்கிறது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மட்ச்சுக்கு நினைவு மலர் வரும், பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து வருவார்கள், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். உதைபந்தும் கல்லூரிகளில் இருந்ததுதான். சென். பற்றிக்ஸ், இளவாலை ஹென்றியரசர், தெல்லிப்பழை மகாஜனா போன்ற கல்லூரிகளின் பெயர் உதைபந்தால் பெருத்தது. ஆனால் கல்லூரி மதிலுக்கு வெளியில் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போனவை ஊர்க் கழகங்கள். நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்கென்றீசியன், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், வதிரி டைமன்ஸ், நவிண்டில் கலைமதி. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் வாசிக்கிற ஆளுக்கு இந்தப் பெயர்கள் சொந்தக்காரரின் பெயர்கள் மாதிரி.

பெயர்களையே கொஞ்சம் நின்று பாருங்கோ. முன்னுக்கு ஊர். பின்னுக்கு ஒரு புனிதர், இல்லாவிட்டால் ஒரு முருகன், இல்லாவிட்டால் இங்கிலீசில் பளபளப்பான ஒரு சொல். கரையோரக் கத்தோலிக்கக் குறிச்சிகளில் கோயிலும் மைதானமும் கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். இரவு தொழிலுக்குப் போய் விடிய வந்து படுத்தவன் பின்னேரம் மைதானத்துக்கு வருவான். கடலில் வள்ளம் இழுத்த காலுக்கும் கைக்கும் தனியாக உடற்பயிற்சி தேவையில்லை என்று நாங்கள் கதைத்த ஒரு பெரியவர் சொன்னார். உள்நாட்டுப் பக்கம் என்றால் சனசமூக நிலையமும் வாசிகசாலையும்தான் கழகத்தின் தாய்வீடு. அறுவடை முடிந்த வயல், கோயில் வீதி, யாரோ ஒருவர் கொழும்பிலோ மலேசியாவிலோ இருக்கிறபடியால் சும்மா கிடக்கிற காணி. இவைதான் மைதானங்கள்.

இந்தக் கழகங்களின் பொருளாதாரத்தைப் பற்றி யாராவது ஒரு பொருளியல் மாணவர் ஆய்வு செய்யலாம் (எங்கட பீடத்திலேயே ஆள் இருக்கு). தலைவர், செயலாளர், பொருளாளர், வருடப் பொதுக்கூட்டம், சந்தாப் புத்தகம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சந்தாவில் சேருகிற காசு பந்துக்கே காணாது. அதனால் கூப்பன் அடித்து விற்பார்கள். சுற்றுப்போட்டி வைத்து, மைதானத்தைச் சுற்றிக் கிடுகு மறைத்து ரிக்கற் போடுவார்கள். மறைப்புக்கு மேலால் பார்க்கப் பனையில் ஏறுகிறவனிடம் ரிக்கற் காசு அறவிட முடியாது. இறுதிப்போட்டிக்கு ஊரிலிருக்கிற கடைக்காரர் சோடா கொடுப்பார். பூட்ஸ் இருக்கிறவன் மட்ச் முடிய அதைக் கழற்றி அடுத்த மட்ச்காரனுக்குக் கொடுப்பான். அளவு சரிவராவிட்டால் பேப்பர் அடைவான். ஒலிபெருக்கியில் ஒருவர் சுத்த இலக்கியத் தமிழில் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருப்பார். 'பெனால்ரி' என்று சனம் கத்த, அவர் 'தண்ட உதை' என்று நிதானமாகச் சொல்லுவார். விளையாடினவனுக்குக் கிடைக்கிறது கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிற சோடாவும், வென்றால் வாகனத்தில் ஊர்சுற்றி வருகிற அந்த ஒரு மணித்தியாலமும்.

ஆக, கழகம் என்றால் ஊர். ஊர் என்றால் கழகம். இதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்லுவார்கள், நாங்களும் அதில் பெருமைப்பட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊர் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கு என்று தெரிந்துகொண்டே அதைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு குறிச்சி என்பது பெரும்பாலும் ஒரு சாதி. சிலவேளை ஒரு மதமும் கூட. தொழில்முறைக் கழகம் காசு கொடுத்து எங்கிருந்தும் ஆள் எடுக்கும். அமெச்சூர் ஊர்க் கழகம் அந்த ஒழுங்கைப் பெடியளைத்தான் எடுக்கும். பக்கத்து ஒழுங்கையில் எவ்வளவு வடிவாக விளையாடுகிறவன் இருந்தாலும் அவன் மற்றக் கழகத்தின் ஆள்.

வதிரியை எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரன் என்கிற பெரியவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை உருவாக்கினார். இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி அதுதான். 1966 ஒக்ரோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போன காலத்தில், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சனம் நின்று போராடிய காலத்தில், குடாநாட்டில் பல தேநீர்க் கடைகளில் ஆளுக்கொரு குவளை. அந்தக் காலத்திலும் சுற்றுப்போட்டிகள் நடந்தன. கோயிலுக்குள் விடாத ஊரோடு மைதானத்தில் நேருக்கு நேர் நிற்கலாம், தோளோடு தோள் முட்டலாம், கோல் அடிக்கலாம், அதை மத்தியஸ்தர் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். இது சின்ன விஷயமில்லை. அதே நேரம், ஒரு அணிக்குள் கலந்து விளையாடுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. மட்ச் குழம்பி அடிபாட்டில் முடிந்த கதைகளை எங்கட அப்பாமார் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் அடிபாடு வந்தது என்று ஒரு வரைபடம் கீறினால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

இனி அந்த 24 வருடம்.

ஒரு லீக் நடக்க வேண்டுமென்றால் அணிகள் ஒருவரிடம் ஒருவர் போய்வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் அளவில். 1990 யூனில் இரண்டாம் கட்ட யுத்தம் தொடங்கியதோடு யாழ்தேவி நின்றது. திரும்ப யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்ரோபரில். ஏ9 வீதி 2002இல் திறந்து 2006இல் மூடுப்பட்டு 2009க்குப் பிறகுதான் ஒழுங்காகத் திறந்தது. ஒரு கழகம் தேசிய லீக்கில் ஒரு வருடம் விளையாடப் பத்துத் தடவையாவது தெற்குக்குப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கோ. கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் போய் மட்ச் விளையாடிவிட்டு வர ஏலாது.

போய்வர முடியாதது ஒருபக்கம். இருந்த இடத்திலேயே கழகம் இருக்க முடியாமல் போனது மறுபக்கம். 1986 யூன் 10இல் மண்டைதீவுக் கடலில் குருநகர்ப் பக்கத்து மீனவர்கள் 31 பேர் கொல்லப்பட்டார்கள். 1990இல் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மகாஜனாக் கல்லூரி இடம்பெயர்ந்தது, அதன் மைதானமும் சுற்றியிருந்த ஊர்களின் மைதானங்களும் பற்றைக்காடாயின. அதே வருடம் தீவுப்பகுதி வெறுமையானது. அதே வருடம் ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகதெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பெடியள் புத்தளத்து அகதிமுகாம்களில் வளர்ந்தார்கள். யாழ்ப்பாண உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுகிற எங்கட ஆட்கள் இந்த வரியை அநேகமாக எழுதுவதில்லை. நாங்கள் எழுதுகிறோம். 1993 நவம்பரில் குருநகர் சென். ஜேம்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது.

1995 இதில் தனியாக நிற்கிற வருடம். ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை இந்தியாவை 1–0 என்று மேலதிக நேரத் தங்கக் கோலால் வென்றது. நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஏப்ரல் 19இல் யுத்தம் திரும்பத் தொடங்கியது. ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. ஊரோடு ஊராகக் கழகமும் நடந்தது.

இதெல்லாம் நடந்தும் கழகங்கள் சாகவில்லை. இதற்குக் காரணம் தேடினால் மேலே சொன்ன அதே விஷயத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கு. சம்பளத்தில் ஓடுகிற கழகமென்றால் வருமானம் நின்ற அன்றைக்கு மூடியிருக்கும். ஊர்க் கழகத்துக்கு ஊர்ச்சனம் உயிரோடு இருந்தால் போதும். இடம்பெயர்ந்து போன இடத்தில் பதினொரு பேர் சேர்ந்தால் அது கழகம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலத்திலும், மின்சாரம் இல்லாத, பற்றரி கொண்டுவரவே தடையிருந்த காலத்திலும், யாரோ பந்துக்குக் காற்றடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தின் பதிவு? 1959இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகை ஊர் மட்ச் முடிவுகளைப் போடுகிற அளவுக்கு எங்கட ஊர்களுக்குக் கிட்டவாக இருந்த பத்திரிகை. 1981இல் பொதுநூலகம் எரிக்கப்பட்ட அந்த நாட்களிலேயே ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி எல்லாரும் கதைக்கிறோம். மட்ச் முடிவுகள் எரிந்ததைப் பற்றி யாரும் அழவில்லை, அதில் பிழையுமில்லை. ஆனால் இன்றைக்கு அறுபதுகளின் ஒரு சுற்றுப்போட்டியில் யார் கோல் அடித்தது என்று கேட்டால், அடித்தவர் இன்னும் இருக்கிறாரா என்றுதான் தேட வேண்டும்.

அதனால் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற ஆவணம் கிண்ணங்களின் பெயர். இதைக் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லவில்லை, சும்மா ஒரு கழகத்தின் அலுமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும். 'அமரர் இன்னாரின் ஞாபகார்த்தக் கிண்ணம்'. பழையவற்றில் அமரர் என்றால் வயதான ஆட்கள்: கழகத்தைத் தொடக்கியவர், பாடசாலை அதிபர், பங்குத் தந்தை, மைதானத்துக்குக் காணி கொடுத்தவர். பிறகு வருகிறவற்றில் வயது குறையும். இருபத்திரண்டு, பத்தொன்பது. கடலில் போனவர்கள், ஷெல்லில் போனவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள், போராளிகளின் பெயரில் வைத்த கிண்ணங்கள். 2009க்குப் பிறகு திரும்ப வயது கூடும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற மகன் காசு அனுப்பி, அப்பாவின் பெயரில் கிண்ணம். இந்த மூன்று தட்டையும் மேலிருந்து கீழே வாசித்தால் எங்கட ஐம்பது வருட வரலாறு முடிந்தது. காணாமல் போனவர்களின் பெயரில் கிண்ணம் கிடையாது. அமரர் என்று போட வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள்.

நகரத்து மைதானத்துக்கும் இப்படி ஒரு தட்டு இருக்கு. துரையப்பா விளையாட்டரங்கு, 1975 யூலை 27இல் பொன்னாலையில் சுட்டுக்கொல்லப்பட்ட முன்னாள் முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைக் கொண்டது. 1999இல் அதைத் திருத்த மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வந்தன. 2016 யூன் 18இல் இந்திய உதவியோடு புதுப்பித்த அரங்கை மோடி டில்லியிலிருந்து காணொளி மூலம் திறந்துவைத்தார். இன்றைக்கு அங்கே இறுதிப்போட்டி பார்க்கப் போகிற எங்கட வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த 1999 தெரியும்?

இப்போது அமெச்சூர் என்கிற சொல்லுக்குத் திரும்ப வருவோம். உலகத்தில் அமெச்சூர் லீக் இருந்த நாடுகளில் எல்லாம் ஒரு பின்கதவு இருந்தது. காசு கொடுக்கக் கூடாது, சரி, வேலை கொடுக்கலாமே! ஹங்கேரியின் புஸ்காஸ் 1952 ஒலிம்பிக்கில் 'அமெச்சூராக'த் தங்கம் வென்றவர். அவருடைய ஹொன்வெட் கழகம் இராணுவத்தின் கழகம். அவருக்கு இராணுவப் பதவி, சம்பளம், எல்லாம் இருந்தது. செய்த வேலை பந்து உதைத்தது.

இலங்கையிலும் அந்தக் கதவு அதேதான். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். இவற்றுக்கெல்லாம் உச்ச லீக்கில் அணி இருந்தது. நன்றாக விளையாடுகிற ஏழைப் பெடியன் ஒருவனுக்குப் படையில் சேர்ந்தால் மாதச் சம்பளம், சாப்பாடு, பூட்ஸ், பயிற்றுநர், ஓய்வூதியம். தெற்கில் ஒரு கிராமத்துப் பெடியனுக்கு உதைபந்து ஒரு சீவியமாக மாறக்கூடிய வழி அதுதான். 2021 சுப்பர் லீக்கில் விளையாடிய பத்து அணிகளில் மூன்று படையினரின் அணிகள்: டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ். அந்தப் பத்தில் குடாநாட்டு அணி ஒன்றும் இல்லை.

யுத்த காலத்தில் நாவாந்துறையிலோ பாசையூரிலோ இருந்த ஒரு பெடியனுக்கு இந்த வழி என்ன அர்த்தத்தில் இருந்தது என்று விளக்கத் தேவையில்லை. நாட்டின் அமெச்சூர் காலத்தில் மற்றவர்களுக்கு இருந்த ஒரே ஏணி அவனுக்கு எதிரே துவக்கோடு நின்ற ஆட்களின் ஏணி. மிச்சம் இருந்தது கொழும்பு. கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீடு இருந்தால், பாஸ் எடுத்துப் போக முடிந்தால், றட்ணம் கழகம் மாதிரி ஒரு இடத்தில் தமிழ் கதைத்துக்கொண்டு பந்து உதைக்கலாம். அப்படிப் போய் வந்தவர்களும் இருக்கினம். மற்றவர்கள் வெளிநாடு போனார்கள், அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெயரில் விளையாடினார்கள். பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிசிலும் எங்கட ஊர்க் கழகங்களின் கிளைகள் முளைத்தது இப்படித்தான். 2012இல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ணத்திலும், பிறகு கொனிஃபா போட்டிகளிலும் 'தமிழீழம்' என்ற பெயரில் ஒரு அணி விளையாடியது. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் அணி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு விளைச்சல் வந்தது, மறுக்க ஏலாது. மின்னொளிச் சுற்றுப்போட்டிகள். அணிக்கு ஏழு பேர், அணிக்கு ஒன்பது பேர். இருபது வருடம் இருட்டில் இருந்த சனத்துக்கு இரவில் வெளிச்சத்தில் மட்ச் பார்ப்பது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. பரிசுத்தொகை வந்தது, ஜேர்சியில் வெளிநாட்டுக் கடையின் பெயர் வந்தது. 2018இல் ஐபிசி தமிழ் நடத்திய வடக்கு கிழக்கு பிரீமியர் லீக்கில் எங்கட பெடியள் ஊர்ப் பெயர் இல்லாத அணிகளுக்குக் காசுக்கு விளையாடினார்கள். கழகப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "காசுக்கு விளையாடினால் ஊருக்கு எவன் விளையாடுவான்" என்று கேட்டார்கள். 1883இல் இங்கிலாந்தில் கனவான்கள் கேட்ட அதே கேள்வி. வித்தியாசம், இவர்கள் கனவான்கள் இல்லை, தாங்களும் கூலிக்குப் போய் வந்து விளையாடினவர்கள். அதனால் அவர்களோடு சண்டை பிடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கட நிலைப்பாடு தெளிவானது. கடலுக்குப் போகிற ஒருவன் பின்னேரம் ஊருக்காகச் சும்மா விளையாடுவது அவனுடைய விருப்பம். அவன் சும்மாதான் விளையாட வேண்டும் என்று மற்றவர்கள் பெருமைப்படுவதை ஏற்க முடியாது.

கடைசியாக ஒரு விஷயம், இது வரலாறு இல்லை, இப்போது நடப்பது. 1990இல் இடம்பெயர்ந்து திரும்பிவந்த அதே மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் அணி, கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பல தடவை சம்பியனாக வந்திருக்கு. தேசிய அளவில் யாழ்ப்பாணத்தின் பெயரை உதைபந்தில் இவ்வளவு தூரம் கொண்டுபோனவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். இவர்கள் உயர்தரம் எழுதி முடித்த அடுத்த கிழமை எங்கே விளையாடுவது? ஊர்க் கழகங்கள் அநேகமாக ஆண்களின் கழகங்கள். நாட்டில் பெண்கள் உதைபந்தாட்டத்தின் வலுவான அணிகள் எவை என்று பார்த்தால் திரும்ப அதே பெயர்கள்: இராணுவம், கடற்படை, விமானப்படை. அண்ணன்மாருக்கு அடைத்துக் கிடந்த அதே கதவடியில் 2009க்குப் பிறகு வளர்ந்த தங்கச்சிமாரும் வந்து நிற்கினம்.

இந்தக் கழகங்களின் யாப்புகள் சிலவற்றை வாங்கிப் பார்த்தோம். பெண்கள் விளையாடக் கூடாது என்று ஒன்றிலும் இல்லை. 'ஊரைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் அங்கத்தவராகலாம்' என்கிற மாதிரித்தான் எழுதியிருக்கு. அப்படியென்றால் ஒரு பெண்கள் அணியை உருவாக்கப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் பிரேரித்து இன்னொருவர் வழிமொழிந்தால் காணும். உங்கட கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டம் எப்ப?